சார்ஜர் இருக்கு, சார்ஜ் ஏறுமா?

பொங்கல் நெருங்குவதால் இந்த முறை வந்த மின்சாரக் கார் கேள்விகள் பெரும்பாலும் ஊருக்குப் போவதைப் பற்றியவை. வடசென்னை வாசகர்களின் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். புழலையும் மாதவரத்தையும் தாண்டித்தான் நெடுஞ்சாலையையே பார்க்க முடியும் என்பவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு.

*

மதுரைப் பக்கம் குலதெய்வம் கோயிலுக்குக் குடும்பத்தோடு போகிறோம். 45 யூனிட் பேட்டரி உள்ள கார். இதுவரை சென்னைக்குள்ளேயே ஓட்டியிருக்கிறேன். வழியெல்லாம் வேகச் சார்ஜர் இருப்பதாக ஆப் காட்டுகிறது. என் மச்சானோ, "அதை நம்பிப் போகாதே, குழந்தை குட்டியோட நடு ரோட்ல நிப்ப" என்கிறார். நம்பலாமா சார்?
வாசகர், தண்டையார்பேட்டை

தாராளமாகப் போங்கள். ஆனால் மச்சான் சொல்வதையும் முழுசாகத் தள்ளிவிடாதீர்கள். கார் நடு ரோட்டில் நிற்பது அபூர்வம், எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று திரையில் கண் முன்னாலேயே தெரிகிறது. உண்மையில் அடிக்கடி நடப்பது வேறு. 20 சதவீதத்தோடு ஒரு பங்க்குக்குள் நுழைவீர்கள், அங்கே இருக்கிற ஒரே சார்ஜர் வேலை செய்யாது, அடுத்தது 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கும், ஏசியை அணைத்துவிட்டு லாரிகளுக்குப் பின்னால் 60-இல் ஊர்ந்து போவீர்கள், பின்சீட்டில் குழந்தை அழும். இது பேட்டரியால் வந்த சிக்கல் இல்லை, ஒரே ஒரு மெஷினை நம்பித் திட்டம் போட்டதால் வந்தது.

ஆப்பில் ஒரு சார்ஜர் பச்சையாகத் தெரிந்தால், அந்தப் பெட்டி கம்பெனி சர்வரோடு தொடர்பில் இருக்கிறது, இப்போது யாரும் அதில் சார்ஜ் போடவில்லை, அவ்வளவுதான் பொருள். கன்னை, அதாவது கேபிள் முனையில் இருக்கும் கைப்பிடியை, சொருகினால் உங்கள் காருக்குக் கரன்ட் ஏறும் என்று அது சொல்லவில்லை. 2022-இல் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் 181 இடங்களில் இருந்த 657 வேகச் சார்ஜர் கன்களை நேரில் போய்ச் சோதித்துப் பார்த்தார்கள். ஒழுங்காக வேலை செய்தவை 72.5 சதவீதம்தான். கம்பெனிகள் அதுவரை சொல்லிக்கொண்டிருந்தது 95 முதல் 98 சதவீதம். பெட்டிக்கு உயிர் இருக்கிறதா என்று கம்பெனி பார்க்கிறது, கார் நிரம்புகிறதா என்று நாம் பார்க்கிறோம், இடைவெளி அங்கேதான் வருகிறது. பிரிட்டனில் இதற்குச் சட்டமே போட்டுவிட்டார்கள், 2024 நவம்பரிலிருந்து வேகச் சார்ஜர் நடத்தும் ஒவ்வொரு கம்பெனியும் ஆண்டுச் சராசரியாக 99 சதவீத நேரம் அவற்றை வேலை செய்யும் நிலையில் வைத்திருக்க வேண்டும். நம் மின்துறை அமைச்சகத்தின் 2018 வழிகாட்டுதல் நெடுஞ்சாலையின் இரு பக்கமும் 25 கிலோமீட்டருக்கு ஒரு சார்ஜிங் நிலையம் வேண்டும் என்று தூரத்தைச் சொன்னது. தூரம் முக்கியம்தான், ஆனால் ரிப்பன் வெட்டித் திறந்து வைத்த மெஷின் ஆறு மாதம் கழித்தும் வேலை செய்கிறதா என்று யார் பார்ப்பது? ஒவ்வொரு கன்னிலும் போன மாதம் எத்தனை பேர் சொருகினார்கள், எத்தனை பேருக்கு ஏறியது என்று கம்பெனிகள் ஆப்பிலேயே போடட்டும். இதை நான் உரக்கவே கேட்கிறேன், குடும்பத்தோடு போகிற எல்லாரும் கேட்க வேண்டும்.

ஏன் கெட்டுப்போகிறது என்று தெரிந்தால் பதற்றம் பாதி குறையும். வேகச் சார்ஜர் உங்கள் வீட்டு பிளக் மாதிரி இல்லை. வீட்டில் ஏ.சி. மின்சாரம் (மாறு மின்னோட்டம்) வருகிறது, அதைப் பேட்டரிக்கு வேண்டிய டி.சி. (நேர் மின்னோட்டம்) ஆக்குகிற வேலையைக் காருக்குள் இருக்கும் சின்னச் சார்ஜர் நிதானமாகச் செய்துகொள்கிறது. ரோட்டோரத்தில் அந்த வேலை முழுக்க வெளியே நிற்கும் பெட்டிக்குள் நடக்கிறது, டி.சி. நேராகப் பேட்டரிக்குப் போகிறது. அதனால் முதலில் காரும் பெட்டியும் கேபிள் வழியாகப் பேசிக்கொள்ள வேண்டும், எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், எங்காவது கசிவு இருக்கிறதா, எர்த் சரியா என்று எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் கரன்ட் விடும். இந்தப் பேச்சில் எங்கே தடங்கல் வந்தாலும் பாதுகாப்புக்காக நின்றுவிடும். கிராமத்து லைனில் லோ வோல்டேஜ் என்றாலும் நிற்கும், பெட்டிக்குள் இருக்கும் சிம்முக்குச் சிக்னல் கிடைக்கவில்லை என்றால் ஆப்பில் பணம் கட்டியும் ஆரம்பிக்காது, கரன்ட் கட் என்றால் பங்க்கில் பெட்ரோல் போடுவதற்கு ஜெனரேட்டர் ஓடும், சார்ஜருக்கு அது பெரும்பாலும் வராது. யாரோ சிவப்பு எமர்ஜென்சி பட்டனை அழுத்திவிட்டுப் போயிருப்பார்கள், அது அப்படியே உள்ளே போய்க் கிடக்கும், நாலு கார் வந்து திரும்பிப் போகும். அங்கே வேலை செய்பவரைக் கூப்பிட்டு அதை வலப்பக்கமாகத் திருகி விடச் சொன்னாலே மெஷின் பிழைத்துக்கொள்ளும்.

நான் பிடிவாதமாகச் சொல்கிற ஒரே விஷயம் இதுதான்: ஒரு சார்ஜருக்குப் போய்ச் சேரும்போது, அது வேலை செய்யாவிட்டால் அடுத்த சார்ஜர் வரை போகிற அளவுக்குப் பேட்டரி மிச்சம் இருக்க வேண்டும். சார்ஜரின் வேகத்தைச் சொல்லும் கிலோவாட்டைப் பார்த்து இடம் தேர்ந்தெடுக்காதீர்கள். 120 கிலோவாட்டில் தனியாக நிற்கும் ஒரு மெஷினைவிட, 60-இல் நான்கு கன் இருக்கும் இடம் எனக்கு மேல். தெருவுக்கு ஒரே அடிபம்பு இருந்த காலத்தில் அது கெட்டுப்போனால் என்ன ஆகும் என்று தண்டையார்பேட்டைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, உங்கள் மதுரைக்கு வருவோம். மாதவரம், புழல் வழியாக பைபாஸ் பிடித்துப் பெருங்களத்தூரில் இறங்குவதற்குள்ளேயே 40 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கும், பெருங்களத்தூரிலிருந்து மற்றவர்கள் சொல்கிற தூரத்தோடு இதைக் கூட்டிக்கொள்ளுங்கள். நான்கு வழிச் சாலையில் 95, 100 வேகத்தில் ஏசியோடு போனால் 100 கிலோமீட்டருக்கு 15, 16 யூனிட் ஆகும். அதாவது முழு பேட்டரிக்கு 280 சொச்சம். உளுந்தூர்பேட்டை வரை ஒரே மூச்சில் போக முடியும், ஆனால் போகாதீர்கள். விக்கிரவாண்டி, விழுப்புரம் பக்கமே 40 சதவீதத்தோடு முதல் நிறுத்தம் வையுங்கள். அங்கே சரியில்லை என்றால் உளுந்தூர்பேட்டை இன்னும் 40 கிலோமீட்டர்தான், பயப்படாமல் போய்விடலாம். டிபன் முடிவதற்குள் 80, 85 வந்துவிடும், அதற்கு மேல் நிற்காதீர்கள், 80-க்குப் பிறகு வேகம் இறங்கிவிடும், கடைசி 20 சதவீதத்துக்கு ஆகிற நேரத்தில் இன்னொரு ஊருக்கே போய்விடலாம். அடுத்தது திருச்சி. ஊர் பெரியது, ஒரு இடம் இல்லாவிட்டால் இன்னொரு இடம். பெரம்பலூர் தாண்டும்போது காற்றாலோ மழையாலோ கணக்கு இடிக்கிறது என்று தோன்றினால் அங்கேயே 10 நிமிடம் போட்டுக்கொள்ளுங்கள். திருச்சியில் 80 ஏற்றினால் மதுரைக்கு 30 பக்கம் மிச்சத்தோடு போய்ச் சேரலாம். சென்னை, திருச்சி, மதுரை நெடுஞ்சாலையில் பாரத் பெட்ரோலியம் 2022-லேயே தன் பங்க்குகளில் வரிசையாக வேகச் சார்ஜர் வைத்தது, அதன் பிறகு தனியார் கம்பெனிகளும் ஓட்டல் வாசல்களில் வைத்திருக்கிறார்கள், தமிழ்நாட்டில் முதல் நீண்ட பயணத்துக்கு இதைவிட நல்ல ரோடு கிடைக்காது.

கிளம்பும் முன் ஓட்டலுக்கோ பங்க்குக்கோ போன் போடுங்கள். "சார்ஜர் வேலை செய்யுதா?" என்று கேட்காதீர்கள், "செய்யும் சார், வாங்க" என்றுதான் பதில் வரும். "இன்னிக்கு காலையில யாராவது சார்ஜ் போட்டாங்களா?" என்று கேளுங்கள். இதற்குப் பொதுவாக உண்மையான பதில் வரும். மேப்பைப் பெரிதாக்கி, சார்ஜர் நீங்கள் போகிற பக்கத்தில் இருக்கிறதா, எதிர்ப்பக்கமா என்றும் பாருங்கள். எதிர்ப்பக்கம் என்றால் யூ டர்னுக்கே பல கிலோமீட்டர் போக வேண்டி வரலாம். இரண்டு மூன்று கம்பெனி ஆப்பை வீட்டிலேயே இறக்கி, ஓ.டி.பி. எல்லாம் முடித்து, வாலட்டில் கொஞ்சம் பணமும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மனைவியின் போன் வேறு நெட்வொர்க் என்றால் அதிலும் ஒரு ஆப் இருக்கட்டும்.

சொருகியும் ஏறவில்லை என்றால் உடனே விட்டுவிடாதீர்கள். கன்னை வெளியே எடுத்து, காரைப் பூட்டி, இரண்டு நிமிடம் விட்டுத் திரும்பச் சொருகுங்கள். கேபிள் கனமாக இருக்கும், அதன் எடையில் கன் கீழ்ப்பக்கமாகத் தொங்கி, அதன் உலோகப் பின்கள் சரியாக உட்காராது. முதல் அரை நிமிடம் கையால் கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கள், பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்ட பிறகு விடுங்கள். இரண்டு முறை முயன்றும் ஏறாவிட்டால் அடுத்த கன், அதுவும் இல்லையென்றால் அடுத்த இடம். காரோடு வந்த 15 ஆம்பியர் கேபிள் டிக்கியில் இருக்கட்டும், ராத்திரி தங்குகிற இடத்தில் எர்த் சரியாக இருக்கும் ஒரு பிளக் கிடைத்தால் 10 மணி நேரத்தில் 25 யூனிட் ஏறிவிடும்.

இன்னொன்று, போகிக்கு முந்தின நாள் ராத்திரி கிளம்பாதீர்கள். அன்றைக்கு மெஷின் நன்றாக இருந்தாலும் முன்னால் மூன்று கார் நிற்கும்.

*

பெட்டியில் 60 கிலோவாட் என்று எழுதியிருந்தது. என் காருக்கு 28-க்கு மேல் ஏறவே இல்லை. ஏமாற்றுகிறார்களா?
வாசகர், வியாசர்பாடி

யூனிட் கணக்கில்தான் பில் போடுகிறார்கள், அதனால் போனது நேரம்தான், பணம் இல்லை. காரணம் பலவாக இருக்கலாம். பல 60 கிலோவாட் பெட்டிகளுக்குள் 30, 30 ஆக இரண்டு மாட்யூல் (கரன்ட்டை மாற்றித் தரும் பகுதி) இருக்கும். பக்கத்துக் கன்னில் இன்னொரு கார் நின்றால் ஆளுக்குப் பாதி. யாருமே இல்லாமல் 28, 29-இலேயே நின்றால் ஒரு மாட்யூல் செத்துப்போயிருக்கும், பெட்டி மீதிப் பாதியோடு ஓடிக்கொண்டிருக்கும், ஆப்பில் அதுவும் பச்சைதான்.

ஆனால் பெட்டியைத் திட்டும் முன் காரையும் பாருங்கள். எவ்வளவு வேண்டும் என்று கேட்பது கார்தான், பெட்டி அதற்கு மேல் கொடுக்காது. 24 யூனிட் பேட்டரி உள்ள சின்னக் காருக்கு 10-இலிருந்து 80 சதவீதம் வர ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்று கம்பெனியே சொல்கிறது, அதை 120 கிலோவாட் மெஷினில் கொண்டுபோய் நிறுத்தினாலும் அதே ஒரு மணி நேரம்தான். மே மாத மதியத்தில் 100-இல் விரட்டி வந்து உடனே சொருகினால் பேட்டரி சூட்டில் கார் தானே குறைத்துக் கேட்கும். பேட்டரி 30, 40 சதவீதத்தில் இருக்கும்போது, பக்கத்துக் கன் காலியாக, வண்டி சூடில்லாமல், உங்கள் கார் 50 வாங்கக்கூடியது என்று தெரிந்தும் 28 தான் வந்தால், மெஷின் எண்ணோடு புகார் கொடுங்கள். பின்னால் வருகிறவருக்கு அது பெரிய உதவி.

*

சார்ஜ் ஆரம்பித்து இரண்டே நிமிடத்தில் நின்றுவிட்டது. வாலட்டில் 500 ரூபாய் போய்விட்டது. மறுபடி முயன்றேன், இன்னொரு 500 போனது. யாரிடம் கேட்பது?
வாசகி, திருவொற்றியூர்

அம்மா, முதலில் வாலட் கணக்கைத் திறந்து பாருங்கள். பல ஆப்கள் ஆரம்பத்தில் ஒரு தொகையைப் பிடித்து வைத்து, ஏறிய யூனிட்டுக்கு மட்டும் கழித்து மீதியைத் திருப்பிப் போடும். சில நேரம் அது உடனே வரும், சில நேரம் சில நாள் ஆகும். வராவிட்டால் ஆப்பிலேயே புகார் போடுங்கள், அந்தச் சார்ஜுக்கான எண், மெஷின் எண், நேரம், திரையில் காட்டிய யூனிட், இத்தனையும் வேண்டும். அதனால் நின்றவுடன் திரையைப் போட்டோ எடுத்துவிடுங்கள், கொஞ்ச நேரத்தில் அது மறைந்துவிடும். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கூச்சப்படாதீர்கள், வரியோடு சேர்த்துக் காசு வாங்குகிறார்கள், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

நின்றுபோன அதே கன்னில் திரும்பத் திரும்ப ஆரம்பிக்காதீர்கள், ஒவ்வொரு முறையும் ஒரு தொகை மாட்டிக்கொள்ளும். எவ்வளவு ரூபாய்க்கு என்று ஆப்பில் கேட்டால் முதலில் 100 மட்டும் போட்டுப் பாருங்கள். ஏறுகிறது என்றால் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

*

ராயபுரத்தில் பழைய வீடு, சந்துக்குள் கார் வராது. மெயின் ரோட்டில்தான் நிறுத்துகிறோம். வேகச் சார்ஜரை மட்டும் நம்பி மின்சாரக் கார் வாங்கலாமா?
வாசகர், ராயபுரம்

இப்போதைக்கு வேண்டாம். மின்சாரக் கார் நன்றாக ஓட வேண்டும் என்று விரும்புகிறவன்தான் இதைச் சொல்கிறேன்.

இந்தக் காரின் சுகமே ராத்திரி சொருகிவிட்டுக் காலையில் முழு பேட்டரியோடு எடுப்பதில்தான் இருக்கிறது. அது இல்லாவிட்டால் மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் 150 யூனிட்டுக்கு ஐந்தாறு முறை சார்ஜரைத் தேடிப் போய் ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம் உட்கார வேண்டும். யூனிட் விலை வீட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வழக்கமாகப் போகிற மெஷின் ஒரு வாரம் படுத்துவிட்டால் வேலைக்குப் போகிற பாடு திண்டாட்டம். வடசென்னையில் எத்தனையோ தெருக்கள் இப்படித்தான், ராயபுரம், வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை எல்லாம் கார் வருவதற்கு முன்பே கட்டிய வீடுகள். மானியமும் சார்ஜரும் இந்தத் தெருக்களுக்கு எப்படி வரும் என்று யாராவது யோசிக்க வேண்டும். சந்து முனையில் நான்கு மெதுவான சார்ஜர் வைத்தாலே போதும், ராத்திரி முழுக்க நிற்கிற காருக்கு வேகம் எதற்கு?

மாடியிலிருந்து ஒயரைத் தொங்கவிட்டு, நடைபாதை மேலாக இழுத்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடுகிற யோசனை இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 15 ஆம்பியர் மணிக்கணக்காக ஓடும், சாதாரண பாக்ஸ் உருகும், மழையில் தெருவில் போகிற குழந்தைக்கு ஆபத்து. ராத்திரி நிறுத்துகிற இடத்தில் அல்லது வேலை செய்யும் இடத்தில் எர்த்தோடு ஒரு பிளக் கிடைக்க வழி செய்துகொண்டு, தேவையானால் அங்குள்ள ஈ.பி. இணைப்பின் லோடையும் கூட்டிக்கொண்டு, பிறகு வாங்குங்கள். வாடகைக்குக் கார் ஷெட் விடுகிறவர்கள் உங்கள் பக்கத்திலேயே இருப்பார்கள், பிளக்குக்குத் தனி சப் மீட்டர் வைத்துத் தருகிறேன் என்று பேசிப் பாருங்கள், பலர் ஒத்துக்கொள்வார்கள்.

*

30 யூனிட் பேட்டரி கார். ஐந்து பேர் திருப்பதி போகிறோம், மலைக்கும் காரிலேயே. எங்கே சார்ஜ் போடுவது? மலை ஏறினால் பேட்டரி காலியாகிவிடும் என்கிறார்களே?
வாசகி, கொளத்தூர்

மலைக்குப் பயப்பட வேண்டாம். ஆளோடு சேர்த்து 1,800 கிலோ எடையை 700 மீட்டர் உயரம் தூக்க வேண்டிய வேலைக்கு ஏறக்குறைய மூன்றரை யூனிட்தான், ஓடுகிற தூரத்துக்கும் மோட்டார் நஷ்டத்துக்கும் சேர்த்து ஆறு யூனிட் என்று வையுங்கள், உங்கள் பேட்டரியில் 20 சதவீதம். இறங்கும்போது பிரேக் வழியாக அதில் ஒரு பங்கு திரும்பி வரும்.

உங்களைச் சோதிக்கப் போவது ரோடுதான். செங்குன்றம், ஊத்துக்கோட்டை, நாகலாபுரம், புத்தூர் வழி 130 கிலோமீட்டர் சொச்சம். முழு சார்ஜோடு கிளம்பினால் கீழ்த் திருப்பதிக்கு 40 சதவீதத்தில் போய்ச் சேர்வீர்கள். ஏறும் முன் டிபன் நேரத்தில் 60 வரை ஏற்றுங்கள், தரிசனம் முடிந்து இறங்கி வந்து 85 வரை ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள். இரண்டாகப் பிரிப்பதற்குக் காரணம், ராத்திரி 11 மணிக்கு இறங்கி வந்து ஒரு மெஷின் சரியில்லை என்றாலும் திருப்பதிக்குள் இன்னொன்றைத் தேட உங்களிடம் தெம்பு இருக்கும். இந்த ரோட்டில் இடையில் இருக்கும் ஒற்றைச் சார்ஜர்களை நம்பிக் கிளம்பாதீர்கள்.

*

மழையில் வேகச் சார்ஜ் போடலாமா? ஷாக் அடிக்குமா?
வாசகர், மணலி

போடலாம். கன் காருக்குள் பூட்டி, இரண்டும் பேசி முடிக்கும் வரை அதில் கரன்ட் வராது, ஈரம் உள்ளே போனதாகத் தெரிந்தால் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. மேற்கூரை இருக்கும் இடமாகப் பாருங்கள், கன்னைக் கீழே தரையில் போடாமல் தாங்கியில் மாட்டுங்கள், பின்னில் பச்சை பிடித்தோ கருகியோ இருந்தால் தொடாதீர்கள், எண்ணூர், மணலி பக்கம் உப்புக் காற்றில் இதைக் கொஞ்சம் கூடுதலாகவே கவனிக்க வேண்டும்.

ஆனால் மெஷினின் அடியில் தண்ணீர் தேங்கி நின்றால் சொருக வேண்டாம். கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி இடத்தில் கார் தண்ணீரில் மாட்டி உள்ளே வெள்ளம் புகுந்துவிட்டால், வடிந்த பிறகும் ஆன் செய்யாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். சக்கரம் தரையில் உருளும்படி கயிறு கட்டி இழுக்கவும் விடாதீர்கள், நான்கு சக்கரமும் மேலே ஏறுகிற ஃபிளாட்பெட் வண்டியைத்தான் கேட்டு வாங்க வேண்டும். அந்த எண் உங்கள் இன்சூரன்ஸ் தாளிலேயே இருக்கும், இப்போதே போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்.